ஐந்தரை மணிக்கு நள்ளிரவு

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. குடிப்பழக்கமாக இருந்திருந்தால் ஊரில் கொஞ்சம் அனுதாபமாவது கிடைத்திருக்கும். இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் இடையிலுள்ள தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்லும் இணையதளங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, எனக்கும் என் பரம்பரைக்கும் எந்த ஜோலியும் இல்லாத ஊர்களை ஜோடி சேர்த்துக்கொண்டிருப்பேன். லிமாவிலிருந்து ரேக்யவிக் எவ்வளவு தூரம்? கேப்டவுனிலிருந்து ஒசாகா? கேட்ட மாத்திரத்தில் பதில் வரும். நிமிட சுத்தமாக வரும். வாழ்க்கையில் நான் கேட்ட வேறு எந்தக் கேள்விக்கும் அப்படி வந்ததில்லை.

கள்ளக்குறிச்சி என்று தட்டினால் மட்டும் அந்தத் தளம் சற்றுத் திணறிவிட்டு, அப்படி ஒரு விமான நிலையம் இல்லை என்று சொல்லும். எனக்கு வருத்தமில்லை. ஐம்பத்து நான்கு வயதில் நான் இன்னும் விமானம் ஏறியதில்லை. அது எனக்கு அண்ணாந்து பார்க்கிற பொருள்தான். ஆனால் கடைவீதியில் யார் வீட்டுப் பிள்ளை துபாய்க்கோ தோஹாவுக்கோ போனாலும் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். பாத்திரக்கடை பாய், தன் தம்பி ஜித்தாவில் இறங்கும் நேரத்தை என்னிடம் கேட்டுக்கொண்டுதான் கடையை எடுத்து வைப்பார். சமைக்கத் தெரியாதவன் ஓட்டலுக்கு மதிப்பெண் போடுவதுபோல நான் அந்தப் பதவியை வகித்து வந்தேன்.

அந்தப் பதவியில் இருந்துகொண்டுதான் என் மகளின் பயணத்துக்குக் கணக்குப் போட்டேன்.

மகள் நர்ஸ். சேலத்தில் ஒரு மருத்துவமனையில் நான்கு வருடம் இருந்தாள். நியூசிலாந்தில் ஆக்லாந்து நகரத்தில் வேலை கிடைத்தது. விசாவில் ஒரு கடைசித் தேதி போட்டிருந்தார்கள். அந்தத் தேதி முடிவதற்குள் முதல்முறை நாட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விசா செல்லாது. கையில் நிறைய நாள் இருந்தது. பழைய இடத்தில் விடுவிப்புக் கடிதம் கொடுப்பதற்குள் அதெல்லாம் கரைந்து, கெடு ஜூன் மாதத்தில் ஒரு புதன்கிழமையில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

என் மனைவி அரசு அலுவலகத்தில் தட்டச்சர். தேதிகளின் மேல் பயபக்தி உள்ளவள். "சனிக்கிழமையே அனுப்பிடலாங்க" என்றாள். நியாயமான யோசனை. அதை நான் மறுத்ததற்குக் காரணம் செவ்வாய்க்கிழமை.

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் பங்குக் கோயிலில் அந்தோணியார் திருவிழாத் திருப்பலி. அதில் ஒரு வழக்கம் உண்டு. பூசை முடியுமுன் பங்குச் சாமியார், அந்த வருடம் வெளிநாடு போகிறவர்களைப் பீடத்தின் முன்னால் அழைப்பார். பெயர், போகும் நாடு, செய்யப்போகும் வேலை மூன்றையும் ஒலிபெருக்கியில் வாசிப்பார். கோயில் முழுக்க கை நீட்டி ஆசீர்வதிக்கும். பிறகு மந்திரித்த பன் ஒன்றும் உப்புப் பொட்டலம் ஒன்றும் கொடுப்பார்கள். பெற்றோர் பக்கத்தில் நிற்கலாம். இருபது வருடமாக நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, அடுத்தவர் பிள்ளைகளுக்காகக் கை நீட்டி நீட்டித் தோள் இறங்கிப்போனவன். குவைத்துக்கு நீட்டினேன், அயர்லாந்துக்கு நீட்டினேன். என் முறை வரும்போது சனிக்கிழமையே மூட்டை கட்டுவதா?

பக்தி என்று சொல்லிக்கொண்டேன். ஆசைக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டால் நம் ஊரில் அதற்குப் பெயர் அதுதான்.

தளத்தைத் திறந்து சென்னை, ஆக்லாந்து என்று தட்டினேன். பதினோராயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. பறக்கும் நேரம் பதின்மூன்று மணி. மனைவிக்கு ஒரு தாளில் எழுதியே காட்டினேன். செவ்வாய் ராத்திரி பதினொரு மணிக்குப் புறப்பட்டால், புதன் மதியம் பன்னிரண்டுக்குப் போய்விடும். கெடு புதன்கிழமை முழுவதும் இருக்கிறது. அரை நாள் மிச்சம். அவள் தாளை இரண்டு தடவை பார்த்தாள். "நீங்க சொன்னா சரி" என்றாள். இந்த விஷயத்தில் அவள் என்னை நம்பினாள். மற்ற விஷயங்களில் நம்புவதில்லை என்பதால் எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

டிக்கெட் வந்தபோதுதான் பார்த்தேன். அந்தத் தளம் சொன்ன விமானம் உலகத்தில் எங்கும் கிடையாது. அது வரைபடத்தின் மேல் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. நிஜ விமானம் சிங்கப்பூரில் இறக்கிவிட்டு மூன்று மணி நேரம் காக்க வைக்கும். அதற்குமேல் இன்னொன்று: ஆக்லாந்தின் கடிகாரம் நம்முடையதைவிட ஆறரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அவர்களுடைய புதன்கிழமை நம்முடைய புதன் மாலை ஐந்தரைக்கே முடிந்துபோகும். டிக்கெட்டில் இறங்கும் நேரம் அவர்கள் கணக்குக்கு இரவு பத்து இருபது. எனது அரை நாள் சுருங்கி ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிலிருந்து எல்லாருக்கும் நேர மண்டலம் நடத்துகிற வாத்தியார் நான். உலக உருண்டையைச் சுற்றிக் காட்டி, இங்கே விடியும்போது அங்கே இருட்டும் என்று இருபத்தெட்டு வருடமாகச் சொல்லி வருகிறேன். அது பாடப்புத்தகத்தில் வருகிற விஷயம், நம் வீட்டுக்குள் வராது என்று எங்கேயோ நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது.

மகளிடம் மட்டும் சொன்னேன். அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தாள். "ஒரு மணி நாற்பது நிமிஷம் இருக்குதுல்ல, போதும்பா" என்றாள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், பயப்படுவாள் என்றேன். அவள் என்னை ஒரு நோயாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "உன் பாடு" என்றாள். அம்மாவிடம் நான் சொன்ன மதியம் பன்னிரண்டு அப்படியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாமியார் மகள் பெயரை வாசித்தார். நாட்டையும் வாசித்தார். கோயில் கை நீட்டியது. மூன்றாவது வரிசையில் யார் இருக்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்ததை மனைவி பார்த்தாள். பன்னையும் உப்பையும் வாங்கி மகளின் கைப்பையில் நானே திணித்தேன். மதியச் சாப்பாட்டை உளுந்தூர்பேட்டையில் முடித்துக்கொண்டு சாயங்காலம் மீனம்பாக்கம் சேர்ந்தோம். டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கைகாட்டினாள். விமானத்தை நான் அன்றும் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தேன்.

மறுநாள் எனக்கு விடுப்பு கிடையாது. நான் வேலை செய்வது கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு இந்தப் பக்கம், இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளி. இன்னொரு ஆசிரியை பிரசவ விடுப்பில் இருந்தார். நான் போகாவிட்டால் பள்ளியைத் திறக்கவே ஆள் கிடையாது. புதன் காலை ஆறு இருபதுக்குக் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது சிங்கப்பூரிலிருந்து செய்தி வந்தது. 'இன்னும் ஏத்தல. இன்ஜின்ல ஏதோ பாத்துகினு இருக்காங்க.'

விமானம் நம் நேரப்படி ஆறு பத்துக்கே கிளம்பியிருக்க வேண்டும். மனைவியைக் கூப்பிட்டு, கொஞ்சம் லேட்டாம், மதியம் ஒன்னு ஒன்னரைக்குள்ள போயிடும் என்று சொன்னேன். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்கு அப்புறம் வருகிற மாற்றங்களையும் அதில் முறையாகச் சேர்த்துவர வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் எங்கள் மலை பஸ்ஸைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் செல்போனில் சிக்னல் போய்விடும். பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு, அதில் ஒரு சின்ன மதகு. அந்த மதகுக்குப் பக்கத்தில் மட்டும் எங்கிருந்தோ சிக்னல் வரும். நாலு எட்டு இந்தப் பக்கம் வந்தால் இல்லை, அந்தப் பக்கம் போனாலும் இல்லை. அதனால் அங்கே நிறுத்தம் இல்லாவிட்டாலும் பஸ் நிற்கும். எல்லாரும் அவரவர் போனை எடுத்துப் பேசுவார்கள். மரவள்ளிக் கிழங்கு விலை, ஆஸ்பத்திரிச் செய்தி, மாமியார் புகார் எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கும். கண்டக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு படியில் நிற்பார். மூன்று நிமிடம்தான் கணக்கு. சண்டை போடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு நிமிடம் சலுகை. பிறகு விசில்.

காலையில் அந்த வளைவில் பஸ் நின்றபோது அடுத்த செய்தி வந்து விழுந்தது. 'ஏறிட்டேன். கதவு மூடிட்டாங்க. நம்ம டைம் 7.18.' ஒரு மணி எட்டு நிமிடத் தாமதம். என்னிடமிருந்த நூறு நிமிடத்தில் முப்பத்திரண்டு மிச்சம். விமானம் இறங்கி, கதவு திறந்து, அவள் நடந்து, வரிசையில் நின்று, அதிகாரி முகத்தைப் பார்க்கும்வரை எல்லாவற்றுக்கும் முப்பத்திரண்டு நிமிடம். எங்கள் ஊர் ரேஷன் கடை வரிசைக்கே அதைவிட ஜாஸ்தி ஆகும்.

பள்ளியில் சிக்னல் கிடையாது. அன்று நான் பாடம் நடத்தியதாகச் சொன்னால் அது அடுத்த பொய். ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கு கொடுத்தேன். சிங்கப்பூரிலிருந்து ஆக்லாந்து எட்டாயிரத்து நானூறு கிலோமீட்டர். விமானம் மணிக்கு எண்ணூற்று எழுபது கிலோமீட்டர் போகிறது. காலை ஏழு பதினெட்டுக்குக் கிளம்பினால் எப்போது போய்ச் சேரும்? பதினோரு பிள்ளைகள் இருந்தார்கள். ஏழு பேர் சாயங்காலம் ஐந்து மணியைச் சுற்றி வந்தார்கள். ஒரு பெண் வெள்ளிக்கிழமை என்றாள். எப்படி என்று கேட்டேன். வழியில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தேன் சார் என்றாள். பஸ் பார்த்த பிள்ளை. அவளுக்கு நான் முழு மதிப்பெண் போட்டேன்.

நான் நிறையப் படித்தவன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. படித்த புத்தகங்களில் பலவற்றில் மனிதர்கள் துறைமுகத்தில் நின்று மாதக்கணக்காகக் கப்பலுக்குக் காத்திருப்பார்கள். காத்திருப்பது அவர்களை ஆழமானவர்களாக மாற்றும். எனக்கு அன்று அப்படி எதுவும் ஆகவில்லை. மத்தியானம் சத்துணவில் போட்ட முட்டையைக்கூடச் சாப்பிட முடியவில்லை.

கீழே இறங்குகிற கடைசி பஸ் எங்கள் பள்ளி வாசலுக்கு நாலு ஐம்பதுக்கு வரும். அன்று நாலு ஐம்பத்து மூன்றுக்கு வந்தது. அந்த மூன்று நிமிடத்தில் நான் அரசுப் போக்குவரத்தைப் பற்றி நினைத்ததை இங்கே எழுத முடியாது. ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் டிக்கெட் கொடுக்காமல் என் முகத்தையே பார்த்தார். என் வயதுதான் அவருக்கும். ஆறு வருடப் பழக்கம்.

"இன்னா வாத்தியாரே, பரீட்சை உனக்கா?"

பாதி வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மனைவியிடம் இரண்டு வாரமாகச் சொல்லாததை கண்டக்டரிடம் இரண்டு வளைவுக்குள் சொல்லி முடித்தேன். அவர் கேட்டுக்கொண்டு முன்னால் போய் டிரைவரின் காதில் ஏதோ சொன்னார். டிரைவர் வேகத்தைக் கூட்டினார். வேகம் என்றால் எங்கள் பஸ்ஸின் தகுதிக்கு. அதற்குள் விஷயம் பஸ் முழுக்கப் பரவியிருந்தது. முன் சீட்டில் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்த அம்மா திரும்பி, பொண்ணு தனியாவா போவுது என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் பலாப்பழத்தை மடியிலிருந்து இறக்கிக் காலடியில் வைத்துவிட்டு, நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

வளைவில் நின்றபோது ஐந்து ஏழு. நான் மதகின் மேல் ஏறி நின்றேன். போன் அதிர்ந்தது. மனைவியிடமிருந்து தவறிய அழைப்புகள் ஏழு. அவற்றைத் தள்ளிவிட்டு, விமானத்தைப் பின்தொடரும் செயலியைத் திறந்தேன். வட்டம் சுற்றியது. பிறகு வந்தது: தரையிறங்கியது, நாலு ஐம்பத்தெட்டு. அவர்கள் நேரம் பதினொன்று இருபத்தெட்டு.

மகளிடமிருந்து ஒன்றும் இல்லை. அவளிடம் அந்த ஊர் சிம் கிடையாது. விமான நிலையத்து வைஃபை கிடைத்தால்தான் உண்டு.

"இன்னாச்சு?" என்று படியிலிருந்து கண்டக்டர் கேட்டார். இறங்கிட்டாங்க, உள்ளே விட்டாங்களான்னு தெரியலை என்றேன். "அங்க இப்போ இன்னா மணி?" பதினொன்னு முப்பத்தெட்டு என்றேன். ஜன்னல்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. வெயில் மலைச்சரிவில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அங்கே ராத்திரியாமே என்று யாரோ யாருக்கோ சொல்வது கேட்டது. இருபத்தெட்டு வருடத்தில் என் நேர மண்டலப் பாடத்தை இவ்வளவு கவனமாக ஒரு வகுப்பும் கேட்டதில்லை.

மூன்று நிமிடம் முடிந்தது. விசில் வரவில்லை. ஐந்து நிமிடம் முடிந்தது. யாரும் தங்கள் போனில் பேசவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஏழாவது நிமிடத்தில் பின் சீட்டிலிருந்து ஓர் ஆள் இறங்கி வந்தார். கையில் துணிப்பை. சின்னசேலத்தில் சேலம் ரயிலைப் பிடிக்க வேண்டியவர். கோபமாகப் பேசவில்லை, அதனால்தான் எனக்குச் சங்கடம் ஜாஸ்தியானது.

"சார், உங்க பொண்ணு ஏரோப்ளேன்ல போயிருக்குது. எனக்கு ரயிலு. ரெண்டு பேருக்கும் டயம்தானே சார் பிரச்சினை."

அதற்கு மறுப்பு சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கண்டக்டர் என்னைப் பார்த்தார். சிக்னல் அந்த மதகோடு முடிகிறது. பஸ்ஸில் ஏறினால் கச்சிராயபாளையம் வரும்வரை முக்கால் மணி நேரம் போன் வெறும் கண்ணாடித் துண்டு. இறங்கி நின்றால் பஸ் இல்லை.

"நீங்க கெளம்புங்க" என்றேன்.

"ராவுக்கு இங்கயே குடித்தனம் பண்ணப்போறியா?"

"வண்டி ஏதாவது வரும்."

அவர் அதை நம்பவில்லை. நம்புகிற மாதிரி தலையாட்டினார். விசில் அடித்தார். பலாப்பழத்து அம்மா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, விரல்களை விரித்து, என்னைப் பார்த்து ஒரு மாதிரி அசைத்தார். போய் வா என்பதா, ஆசீர்வாதமா என்று தெரியவில்லை. எனக்கு முந்தின நாள் கோயில் ஞாபகம் வந்தது. பஸ் வளைவைத் தாண்டி மறைந்தபோது ஐந்து பதினைந்து.

அதற்குப் பிறகு வந்த பதினைந்து நிமிடத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. மதகின் மேல் உட்கார்ந்தேன். எழுந்தேன். எழுந்தால் சிக்னல் ஒரு கோடு ஏறியது போலிருந்தது, அப்புறம் உட்காரவில்லை. அவள் இப்போது எங்கே நிற்பாள் என்று யோசித்தேன். நான் பார்த்தே இராத ஒரு கூடத்தில், பார்த்தே இராத ஒரு வரிசையில், அவளுக்கு முன்னால் எத்தனை பேர்? யாராவது ஒரு முதியவர் தன் காகிதத்தைப் பையின் அடியில் தேடிக்கொண்டிருப்பாரா? லிமாவிலிருந்து ரேக்யவிக் எவ்வளவு என்று தெரிந்தவனுக்கு, ஒரு வரிசையில் இருபது பேர் நகர எவ்வளவு நேரமாகும் என்று தெரியவில்லை. அந்தத் தளத்தில் அதற்கு இடமே கிடையாது.

அப்போதுதான் கைப்பையில் நான் திணித்த பன்னும் உப்பும் ஞாபகம் வந்தன. தின்பண்டம் கொண்டுபோனால் அந்த நாட்டில் தனியாக நிறுத்திச் சோதிப்பார்கள் என்று எங்கேயோ படித்திருக்கிறேன். படித்ததெல்லாம் எனக்கு எப்போதும் பத்து நிமிடம் தாமதமாகத்தான் உதவிக்கு வரும்.

ஐந்து முப்பது ஆனது. போனின் கடிகாரத்தில் இலக்கம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயில் என் கண்ணில் நேராக அடித்தது. அந்த வெளிச்சத்தில் எனக்கு நள்ளிரவு வந்து, புதன்கிழமை முடிந்தது. எதிர்ச்சரிவில் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். மாட்டின் கழுத்துமணிச் சத்தம் கீழே இறங்கிக்கொண்டே போனது.

ஐந்து முப்பத்து நான்குக்கு போன் அடித்தது. மகள் என்று எடுத்தேன். மனைவி.

"இன்னாங்க, எங்க கீறீங்க? பாப்பா இன்னும் பேசலங்க. ஒன்னரைக்கே போயிடும்னீங்களே." குரல் அவளுடையதாக இல்லை. தட்டையாக, யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோல இருந்தது.

சொல்லிவிட்டேன். ஏன் அந்த நிமிடத்தில் சொன்னேன் என்று கேட்டால், மாற்றிச் சொல்ல இனி மணி எதுவும் மிச்சமில்லை என்பதுதான் காரணம். பன்னிரண்டு மணி என்பது தப்பு, ஒன்னரை என்பது பொய், விமானம் ஐந்து மணிக்குத்தான் இறங்கியது, ஐந்தரையோடு கெடு முடிந்துவிட்டது, உள்ளே விட்டார்களா திருப்பி அனுப்புகிறார்களா என்று தெரியாது, எல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமைக்காக, கோயிலில் எல்லார் முன்னாலும் நிற்க வேண்டும் என்கிற என் ஆசைக்காக. சொல்லி முடித்தேன். சிக்னல் போய்விட்டதோ என்று நான் போனை எடுத்துப் பார்த்தேன்.

"அப்போ ப்ளேனு நல்லாதான் கீதா?" என்றாள்.

"இறங்கிடுச்சு. முப்பத்தாறு நிமிஷம் ஆச்சு."

அவள் மூச்சு விடுவது கேட்டது. நீளமாக, நடுவில் உடைந்து உடைந்து வந்தது. "ஒன்னரையிலேர்ந்து நான் அதைக் கடல்ல தேடிகினு கீறேன்" என்றாள். "ஆபீசுல டைப் அடிச்சது ஒரு எழுத்துகூட சரியில்ல. டிவியில போடுவான்னு மூனு மணிக்கே வூட்டுக்கு வந்துட்டேன்."

அவள் பயப்படக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பொய். ஒரு பாஸ்போர்ட் முத்திரைக்குப் பயப்பட வேண்டியவளை, நான் நாலு மணி நேரம் ஒரு சமுத்திரத்தின் முன்னால் உட்கார வைத்திருந்தேன்.

"திருப்பி அனுப்பினா எங்க வருவா? வூட்டுக்குதானே வருவா" என்றாள். பிறகு, கொஞ்சம் தன் குரலில், "வரட்டும். அதுக்கு அப்புறம் உங்களை வெச்சிக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

செய்தி வந்தபோது ஐந்து நாற்பத்தொன்று. ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன.

'உள்ள வந்துட்டேன்பா.'

'11.51. அந்த ஆபீசர் தேதியைப் பாத்தாரு, கடிகாரத்தைப் பாத்தாரு, சிரிச்சிட்டாரு. நான் சிரிக்கல.'

'வைஃபை இப்பதான் கெடச்சிது.'

'பன்னை சிங்கப்பூர்லயே தின்னுட்டேன். பசி. உப்பைக் காட்டினேன், குப்பையில போட்டுட்டாங்க. சாமியார்கிட்ட சொல்லாத.'

அம்மாவுக்குப் பேசு, உடனே பேசு என்று எழுதினேன். பேசிட்டேன், அழுவுது, உன்னைத் திட்டுது என்று பதில் வந்தது. மதகின் மேல் உட்கார்ந்தேன். ஐந்தரை தாண்டிய பிறகு நள்ளிரவில் நின்றுகொண்டிருந்தவன் நான் மட்டும்தான். அவள் அதற்கு ஒன்பது நிமிடம் முன்பே நாட்டுக்குள் போய், தன் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

சற்று நேரம் கழித்து இன்னொரு செய்தி. 'நீ வூட்டுக்குப் போயிட்டியா?'

'ஓ, எப்பவோ' என்று தட்டினேன். கைக்கு அது தானாகவே வந்தது. அனுப்பாமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரிவில் வெயில் இறங்கி, சாலையில் பாதிக்கு நிழல் வந்திருந்தது. மேலிருந்தும் கீழிருந்தும் வண்டிச் சத்தம் எதுவும் இல்லை. தட்டியதை அழித்தேன்.

'இல்லம்மா. மலையிலயே கீறேன். மதகு மேல. பஸ்ஸை விட்டுட்டேன்.'

'அங்கேர்ந்து வூடு எவ்ளோ தூரம்?'

'முப்பது கிலோமீட்டர் இருக்கும்.'

'எவ்ளோ நேரமாவும்?'

யோசித்துப் பார்த்தேன். பிறகு, 'தெரியல' என்று எழுதி அனுப்பினேன்.